ஒரே ஊசி போதுமா?

ஏலகிரி மலைச் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அவற்றைக் கடந்து மேலே போனால், சுமார் 3,500 அடி உயரத்தில் சிற்றூர்கள், பலா மரங்கள், புங்கனூர் ஏரி! உல்லாசப் பயணம் வருகிறவர்களுக்கு அந்த வளைவுகள் ஒரு வேடிக்கை. ஆனால் தடுப்பூசி மருந்துக்கு அப்படி அல்ல. ஐஸ் பெட்டியில் வைத்து, சூடு ஏறாமல், எண்ணி எடுத்துக்கொண்டு மலையேற வேண்டும். ஒரு முறை ஏறுவது வேறு. அதே ஆட்களைத் தேடிக் கண்டுபிடித்து, இன்னொரு முறை ஏறுவது வேறு.

மலைக்குக் கீழே வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு. தோல் பதனிடும் ஆலைகளும் ஷூ தொழிற்சாலைகளும் நிறைந்த ஊர்கள். அங்கே ஆயிரக்கணக்கான பெண்கள் வேலைக்குப் போகிறார்கள். நாள் கணக்கில் கூலி வாங்குகிறவர்களுக்கு ஒரு நாள் ஜுரம் என்றால் ஒரு நாள் கூலி போயிற்று.

மலை மேல் இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் ஒரே ஆசைதான்: “ஒரே ஊசியோடு முடிந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்!”

அப்படிப்பட்ட ஊசி உண்டா? உண்டு. அதை யார் போட்டுக்கொள்ளலாம்? போட்டபின் என்ன செய்யும்? பார்ப்போம்.

வண்டியும் சரக்கும்

நம் முன்னோர் அறிந்த அம்மை குத்துதலில், தீங்கு குறைந்த ஒரு வைரஸையே உடலுக்குள் செலுத்தினார்கள். பெரியம்மை அதனால் ஒழிந்தது. 1980-ம் ஆண்டு மே 8-ந் தேதி உலக சுகாதார சபை அதைப் பிரகடனம் செய்தது.

இந்தப் புதிய முறை அதற்கு ஒரு படி மேலே போகிறது. சாதாரண சளி உண்டாக்கும் ‘அடினோ’ வைரஸை விஞ்ஞானிகள் எடுத்துக்கொள்கிறார்கள். அது உடலில் பெருகாதபடி அதன் ஒரு பகுதியை நீக்கிவிடுகிறார்கள். அந்த இடத்தில், எந்த நோயைத் தடுக்க வேண்டுமோ அந்தக் கிருமியின் அடையாளக் குறிப்பை ஏற்றுகிறார்கள். அடினோ வைரஸ் வெறும் வண்டி. குறிப்புதான் சரக்கு.

வண்டி நம் உடலின் அணுவுக்குள் போய்ச் சரக்கை இறக்குகிறது. குறிப்பைப் படித்த அணு, நோய்க் கிருமியின் மேல் தோலில் உள்ள ஒரு பொருளை மட்டும் செய்து காட்டுகிறது. உடல் அதைப் பகைவன் என்று தெரிந்துகொண்டு ஆயுதம் தயார் செய்கிறது. பிறகு நிஜமான கிருமி வந்தால் படை தயாராக நிற்கும்!

ஆகவே, “ஊசியாலேயே கொரோனா வந்துவிடும்” என்ற பேச்சில் உண்மை இல்லை. முழுக் கிருமி உள்ளே போவதே இல்லை.

ஒற்றை ஊசிகள் எவை?

அமெரிக்காவின் ஜான்சன் அண்ட் ஜான்சன் மருந்து இந்த வகையில் பெயர் பெற்றது. 2021 பிப்ரவரி 27-ந் தேதி அமெரிக்காவிலும், அதே ஆண்டு ஆகஸ்ட் 7-ந் தேதி இந்தியாவிலும் அவசர அனுமதி பெற்றது. ரஷ்யாவின் ‘ஸ்புட்னிக் லைட்’ இன்னொன்று. அதற்கு இந்தியாவில் 2022 பிப்ரவரியில் அனுமதி கிடைத்தது.

எபோலா நோய்க்கு ‘எர்வெபோ’ என்ற ஒற்றை ஊசி இருக்கிறது. ஆப்பிரிக்காவில் கினி நாட்டில் 2015-ல் சோதித்துப் பார்த்து வெற்றி கண்ட மருந்து அது. அதன் வண்டி அடினோ அல்ல, வேறு ஒரு வைரஸ். அது உடலில் ஓரளவு பெருகவும் செய்யும்.

நம் ஊரில் பெரும்பாலோர் போட்டுக்கொண்ட ‘கோவிஷீல்ட்’ மருந்தும் இதே குடும்பம்தான். சிம்பன்சி குரங்கின் அடினோ வைரஸ் அதற்கு வண்டி. ஆனால் அது இரண்டு தவணை மருந்து.

வேலூரில் கண்ட கணக்கு

அப்படியானால் ஒரு தவணை எவ்வளவு தூரம் காக்கும்? இதற்குப் பதில் தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. ஏலகிரியிலிருந்து சுமார் 90 கிலோமீட்டரில் உள்ள வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியிலேயே கிடைத்தது.

அங்கே பணியாற்றிய சுமார் 10,600 பேரில் 8,991 பேர் 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஊசி போட்டுக்கொண்டார்கள். அவர்களில் 100-க்கு 93 பேர் போட்டுக்கொண்டது கோவிஷீல்ட். இரண்டாம் அலை வீசியபோது டாக்டர்கள் கணக்கெடுத்தார்கள். ஒரே ஒரு தவணை போட்டவர்களுக்கும் நோய்த் தொற்றிலிருந்து 61 சதவிகிதப் பாதுகாப்பு இருந்தது. ஆஸ்பத்திரியில் படுக்க நேர்வதிலிருந்து 70 சதவிகிதம். பிராணவாயு தேவைப்படுவதிலிருந்து 94 சதவிகிதம்!

நல்ல செய்திதான். ஆனால் இது சில மாதக் கணக்கு. ‘டெல்டா’ என்ற உருமாறிய வைரஸ் பிரிட்டனில் பரவியபோது இன்னொரு கணக்கு வந்தது. அதே வகை மருந்தின் ஒரு தவணை, அறிகுறியோடு கூடிய நோயிலிருந்து சுமார் 30 சதவிகிதப் பாதுகாப்பே கொடுத்தது. இரண்டு தவணை 67 சதவிகிதம் கொடுத்தது. ஒற்றை ஊசி என்றே வந்த ஜான்சன் மருந்துக்கும், 2021 அக்டோபரில் அமெரிக்கா இரண்டாவது ஊசியை அனுமதித்தது.

ஒரே ஊசி உயிரைக் காக்க உதவும். எல்லாக் காலத்துக்கும் அதுவே போதும் என்று எண்ணிவிடக் கூடாது.

யார் போட்டுக்கொள்ளலாம்?

இந்தக் கொரோனா ஊசிகள் 18 வயது நிரம்பியவர்களுக்காக அனுமதிக்கப்பட்டவை. எர்வெபோவை இப்போது ஒரு வயது நிறைந்த குழந்தைக்கும் போடலாம்.

“சர்க்கரை வியாதி இருக்கிறது, ரத்தக் கொதிப்பு இருக்கிறது, எனக்கு ஊசி வேண்டாம்” என்று ஒதுங்கியவர்கள் பலர். இது தலைகீழான எண்ணம்! கொரோனா அதிகமாகத் தாக்கியது அவர்களைத்தான். அதனால்தான் 2021 மார்ச் 1-ந் தேதி முதல், 60 வயதைக் கடந்தவர்களோடு, நோயுள்ள 45 வயதுக்காரர்களையும் அரசாங்கம் முதல் வரிசையில் நிறுத்தியது. பால் கொடுக்கும் தாய்மார்களுக்கு 2021 மே மாதத்திலும், கர்ப்பிணிகளுக்கு ஜூலை 2-ந் தேதியும் அனுமதி வந்தது.

போட்டுக்கொள்ளக் கூடாதவர்கள் யார்?

முன் தவணையிலோ, மருந்தில் கலந்துள்ள ஏதேனும் ஒரு பொருளாலோ கடுமையான ஒவ்வாமை கண்டவர்கள். இவ்வகை ஊசிக்குப் பின் தட்டணுக்கள் குறைந்து ரத்தம் உறைந்த அனுபவம் உள்ளவர்கள். நுண்ணிய ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியும் அபூர்வ நோய் கண்டவர்கள்.

கடும் ஜுரம் உள்ளவர் குணமான பிறகு வரலாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் அதை முன்கூட்டியே நர்ஸிடம் சொல்ல வேண்டும். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் அடினோ வண்டியைக் கண்டு அஞ்ச வேண்டாம். பலன் மட்டும் சற்றுக் குறையலாம். ஆனால் பெருகக்கூடிய எர்வெபோ விஷயத்தில் அவர்கள் டாக்டரைக் கலந்தே முடிவு செய்ய வேண்டும்.

இரண்டு நாள் தொல்லை

ஜான்சன் மருந்துச் சோதனையில், ஊசி போட்ட 100 பேரில் சுமார் 49 பேருக்குக் கையில் வலி. 39 பேருக்குத் தலைவலி. 38 பேருக்குச் சோர்வு. 33 பேருக்கு உடம்பு வலி. 9 பேருக்கு ஜுரம். பெரும்பாலும் ஓரிரு நாளில் வந்து, ஓரிரு நாளில் போய்விட்டது. வயதானவர்களைவிட இளைஞர்களுக்கே தொல்லை அதிகம்.

இது உடல் படை திரட்டுவதன் அறிகுறி. ஜுரம் வரவில்லை என்றால் மருந்து வேலை செய்யவில்லை என்று அர்த்தமல்ல!

போட்டவுடன் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருங்கள். கடுமையான ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் அந்த நேரத்துக்குள் வந்துவிடும். ஜுரம் வந்தால் பாராசிட்டமால் மாத்திரை போதும். முன்கூட்டியே விழுங்க வேண்டியதில்லை. வேலைக்குப் போகும் பெண்கள் சனிக்கிழமை மாலையில் ஊசி போட முடிந்தால், ஞாயிற்றுக்கிழமை ஓய்வு எடுக்கலாம். கூலியும் போகாது.

அலட்சியம் கூடாத அறிகுறிகள்

இனிச் சொல்வதை மறக்காதீர்கள்.

2021 ஏப்ரல் 13-ந் தேதி அமெரிக்கா ஜான்சன் ஊசியைத் தற்காலிகமாக நிறுத்தியது. 68 லட்சம் ஊசிகளுக்குப் பின் 6 பெண்களுக்கு மூளையில் ரத்தம் உறைந்திருந்தது. 10 நாளில் தடை நீங்கியது. ஆனால் கண்காணிப்பு தொடர்ந்தது. சுமார் 1 கோடியே 80 லட்சம் ஊசிகள் போட்டபின், 60 பேருக்கு இந்த நோய் உறுதியாயிற்று. அவர்களில் 9 பேர் இறந்தார்கள். கோவிஷீல்டிலும் இது அபூர்வமாக உண்டு. 10 லட்சம் தவணைக்கு 0.61 என்று 2021 மே மாதத்தில் இந்திய நிபுணர் குழு கணக்குச் சொல்லியது.

டெங்கு காலத்தில் எல்லோரும் பேசுவோமே, அந்தத் தட்டணுக்கள் இதில் குறைந்துவிடும். அதே சமயம் ரத்தமும் உறையும். ஆகவே, ஊசி போட்ட முதல் இரண்டு நாள் கழிந்து, சுமார் மூன்று வாரத்துக்குள் இவை தோன்றினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்:

ஓயாத கடுமையான தலைவலி, கண் மங்கல், மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, விடாத வயிற்று வலி, காலில் வீக்கம், ஊசி போட்ட இடத்தைத் தாண்டித் தோலில் ரத்தப் புள்ளிகள்.

டாக்டரிடம் முதல் வார்த்தையாக, “இன்ன தேதியில், இன்ன ஊசி போட்டேன்” என்று சொல்லுங்கள். ஏன்? ரத்தக் கட்டிக்கு வழக்கமாகக் கொடுக்கும் ‘ஹெப்பரின்’ என்ற மருந்தை இந்த நோயில் தவிர்க்க வேண்டும் என்பது நிபுணர்களின் எச்சரிக்கை. ஒரு தேதியும் ஒரு பெயரும் உயிரைக் காக்கலாம்!

இனி எதற்கு இந்தப் பேச்சு?

கோவிஷீல்ட் உற்பத்தி 2021 டிசம்பரில் நின்றது. ஜான்சன் கொரோனா ஊசிக்கான அமெரிக்க அனுமதி 2023 ஜூனில் முடிந்தது. பிறகு ஏன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்?

சரக்கு மாறினாலும் வண்டி அப்படியே இருக்கிறது. நாளை வேறொரு நோய்க்கு, இதே வண்டியில் இன்னொரு சரக்கு வரலாம். அது ஏலகிரியின் 14 வளைவுகளையும் ஏறி வரும்போது, வதந்தி அதற்கு முன்னால் ஏறி வந்துவிடக் கூடாது.

அன்று நாம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. எனக்கு இது ஏற்றதா? எத்தனை தவணை? எந்த அறிகுறிக்கு ஓடி வர வேண்டும்? பதிலைக் கேட்டுக்கொண்டு கையை நீட்டுங்கள். ஊசிச் சீட்டை மட்டும் ரேஷன் கார்டோடு சேர்த்துப் பத்திரமாக வைத்துவிடுங்கள்!