சூடான சாம்பாரை எதில் வாங்குவது?

மாலை ஏழு மணிக்கு உணவகங்களின் பார்சல் பகுதியில் நின்று பாருங்கள். கொதிக்கக் கொதிக்க சாம்பாரை மொண்டு மெல்லிய பிளாஸ்டிக் கவரில் ஊற்றுகிறார்கள். கவர் உப்பும்படி ஒரு சுழற்று சுழற்றி நூலால் கட்டுகிறார்கள். கைத்திறனில் குறையே இல்லை. குறை அந்தக் கவரில் இருக்கிறது.

கவர் உருகிவிடாது. பாலித்தீன் உருக ஏறத்தாழ 110 டிகிரி செல்சியஸ் வேண்டும். சாம்பார் அவ்வளவு சுடாது. உருகவில்லை என்பதாலேயே ஒன்றும் ஆகவில்லை என்று நம்பிவிடுகிறோம். பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளுக்கிடையே, தயாரிப்பின்போது சேர்த்த சிறிய வேதிப்பொருள்கள் ஒட்டாமல் தங்கியிருக்கும். சூடு ஏற ஏற அவை வேகமாக நகர்ந்து உணவுக்கு வரும். அவற்றில் பல, தண்ணீரைவிட எண்ணெயில் எளிதாகக் கரைபவை. எண்ணெய் மிதக்கும் குருமா, சுடச்சுட, வீடு சேரும்வரை அரை மணி நேரம் கவருக்குள் கிடப்பதுதான் ஆக மோசம். ஆறிய இட்லிக்கு இந்தக் கவலை வெகுவாகக் குறைவு.

காகிதக் கோப்பையும் முழுக்கக் காகிதமல்ல. உட்புறம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு உண்டு. சூடான நீரை 15 நிமிடம் வைத்திருந்தால் ஒரு கோப்பையிலிருந்து சுமார் 25,000 நுண்துகள்கள் நீரில் கலப்பதை கரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் கண்டார்கள். அலுமினியத் தாளுக்குப் புளிப்பு ஆகாது. அதன் மேலுள்ள ஆக்சைடு படலத்தைப் புளியும் தக்காளியும் அரிக்கும். புளியோதரையை அதில் கட்டக் கூடாது.

வாழை இலையின் மேல்தோலில் இயற்கையான மெழுகு உண்டு, ஈரம் ஒட்டாது. தணலில் வாட்டினால் விறைப்பு நீங்கி, கிழியாமல் மடங்கும். சோற்றுக்கும் பொங்கலுக்கும் இதைவிட நல்ல உறை எனக்குத் தெரியவில்லை. ஆனால் இலைக்கு மேல் செய்தித்தாளைச் சுற்றும்போது கெடுத்துவிடுகிறோம். இலை கிழிந்த இடத்தில் அச்சு மை எண்ணெயில் கரைந்து உணவில் இறங்கும். செய்தித்தாளில் உணவு கட்டுவதை 2018ஆம் ஆண்டின் உணவுப் பொட்டல விதிமுறைகள் தடை செய்கின்றன. உணவு கட்டும் பிளாஸ்டிக் தாளுக்கும் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பைக்கும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே தடை.

குழம்புக்கு இலை உதவாது. அதற்கு எவர்சில்வர் தூக்கு இருக்கிறது. அதன் மேலுள்ள குரோமியம் ஆக்சைடு படலம் சமையலறைப் புளிப்புக்கும் சூட்டுக்கும் நன்றாகவே தாங்கும். அடுத்த முறை பார்சல் வாங்கக் கிளம்பும்போது அதைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். சாம்பாரை அதில் ஊற்றச் சொல்லிக் கேளுங்கள்.