வனக் காவலருக்கு வனக் காவலரே துணை

பெங்களூரு நகரின் மல்லேசுவரம் பகுதியில் கர்நாடகக் காட்டிலாகாவின் தலைமை அலுவலகமான அரண்ய பவனம் அமைந்துள்ளது. பணியில் உயிர்நீத்த இலாகா ஊழியர்களின் நினைவாக அவ்வளாகத்தில் ஒரு சின்னம் எழுப்பப்பட்டிருக்கிறது. ஆண்டுதோறும் செப்டம்பர் 11 ஆம் தேதியன்று அங்கே மலர்வளையம் வைத்து அஞ்சலி செலுத்துகின்றனர். 1730 ஆம் ஆண்டில் மார்வார் நாட்டின் கேஜர்லி கிராமத்தில் வன்னி மரங்களை வெட்டவிடாது தடுத்து நின்ற பிஷ்னோய் மக்கள் 363 பேர் இதே தேதியில் உயிர் துறந்தனர். அதனை நினைவுகூரும் பொருட்டே அந்நாளைத் தேசிய வனத் தியாகிகள் தினமாக அனுசரிக்க மத்திய அரசு 2013 இல் முடிவு செய்தது.

கர்நாடகம் இவ்வாறு இழந்தவர்களுள் சிலருடைய பெயர்களைத் தமிழ்நாட்டு வாசகர்களும் அறிவர். வீரப்பனைச் சரணடையச் செய்ய முயன்று, 1991 நவம்பர் 10 ஆம் தேதி அவனாலேயே கொல்லப்பட்ட வன அதிகாரி பி. ஸ்ரீநிவாஸ் அவர்களுக்குப் பின்னர் கீர்த்தி சக்கர விருது வழங்கப்பட்டது. நாகரஹொளெ புலிகள் காப்பகத்தின் இயக்குநராக இருந்த எஸ். மணிகண்டன் 2018 மார்ச் மாதத்தில் காட்டினுள் யானையால் தாக்குண்டு மாண்டார். இவர்கள் உயர்ந்த பதவி வகித்தவர்கள். ஆதலின் செய்தித்தாள்கள் எழுதின. 2017 பிப்ரவரியில் பண்டிப்பூரின் கல்கெரெ சரகத்தில் காட்டுத்தீயை அணைக்கச் சென்று அத்தீயிலேயே உயிரிழந்த கார்டைப் போன்றோரின் நிலைமை வேறு. சில நாட்கள் பேசப்பட்ட பின்னர் அவர்களுடைய பெயர்கள் மறைந்துவிடுகின்றன. குடும்பத்தின் துயரமோ மறைவதில்லை.

ஊழியரின் உயிரைப் பறிப்பது வேட்டைக்காரனின் துப்பாக்கி மட்டுமன்று. யானை, கரடி, தீ, ஆற்று வெள்ளம், பாம்பு, பழுதடைந்த ஜீப் முதலிய யாவும் காரணமாகின்றன. அன்றியும், காயமுற்றவரை முகாமிலிருந்து ஆஸ்பத்திரி வரை கொண்டு சேர்ப்பதற்குப் பல மணி நேரம் ஆகிவிடுகிறது. இவ்விஷயத்தில் நம் நாட்டுக் காவலரும் கென்யா நாட்டுக் காவலரும் ஒரே நிலையில்தான் உள்ளனர். தம் தொழிலின் இடர்களைத் தம் தொழிலாளரே நன்கறிவர் என்ற எண்ணத்தின் மீதே இவர்களுடைய சர்வதேசக் கூட்டுறவு எழுந்தது.

1992 ஜூலை 31 ஆம் தேதி இங்கிலாந்தின் பீக் தேசியப் பூங்காவில் மூன்று சங்கங்களின் பிரதிநிதிகள் கூடி ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டனர். இங்கிலாந்து-வேல்ஸ் பகுதிக்கு ஒன்று, ஸ்காட்லாந்துக்கு ஒன்று, அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கு ஒன்று என மூன்று சங்கங்களே அன்று இருந்தன. அங்கு பிறந்ததுதான் சர்வதேச ரேஞ்சர் சம்மேளனம். அதன் முதல் உலக மாநாடு 1995 இல் போலந்து நாட்டின் ஜகோபானே நகரில் கூடியது. ஆசியக் கண்டத்திற்கு அம்மாநாடு வருவதற்கு 2019 நவம்பர் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டு நேபாளத்தின் சித்வான் வனத்தையொட்டிய சௌராஹாவில் அது நடைபெற்றது. சம்மேளனம் தோன்றிய பதினைந்தாம் ஆண்டு நிறைவான 2007 ஜூலை 31 முதல் அந்நாள் உலக ரேஞ்சர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. பள்ளி ஆசிரியர்கள் தம் நாட்காட்டியில் குறித்துக்கொள்ள வேண்டிய தேதி இது.

அந்நாளையொட்டிச் சம்மேளனம் வெளியிடும் பட்டியலில், முந்தைய ஓராண்டில் பணியின்போது இறந்த காவலர்கள் நாடுவாரியாகக் குறிக்கப்படுகின்றனர். இறந்த காரணமும் அதில் இடம் பெறுகிறது. பார்வைக்கு இது வெறும் துக்கப் பட்டியலே. ஆயினும் எந்த நாட்டில் எதனால் காவலர்கள் மாள்கின்றனர் என்பதை ஆண்டுக்காண்டு ஒப்பிட்டுப் பார்க்க இதைப் போன்ற கருவி முன்பு இருந்ததில்லை. யானையால் இறப்போர் மிகுந்த நாட்டிற்குத் துப்பாக்கிப் பயிற்சி அளிப்பதில் பயன் குறைவு. யானையின் வழியறிந்து விலகுவதும் முதலுதவியுமே அங்கு வேண்டப்படுவன.

குடும்பங்களுக்கு உதவும் பணியையும் இக்கூட்டுறவினர் மேற்கொண்டுள்ளனர். ஷான் வில்மோர் என்ற ஆஸ்திரேலியக் காவலர் பல கண்டங்களிலும் சுற்றிச் சக காவலர்களின் வாழ்க்கையைப் படமாக்கினார். அம்முயற்சியிலிருந்து வளர்ந்த 'மெல்லிய பசுங்கோடு' அறக்கட்டளை, இறந்த காவலரின் மனைவி மக்களுக்கு உதவுவதைத் தன் முதற்பணியாகக் கொண்டது. காங்கோ நாட்டின் விருங்கா தேசியப் பூங்காவில் 2020 ஏப்ரலில் நிகழ்ந்த ஒரே தாக்குதலில் 12 காவலர்கள் கொல்லப்பட்டனர். காவலர்களின் விதவைகளுக்கென அப்பூங்காவில் ஒரு தையற் கூடம் நடத்தப்பட்டு வந்தது. இந்தியாவில் 1998 இல் நிறுவப்பட்ட வனஜீவி டிரஸ்ட், நிரந்தர ஊழியர்களுடன் தற்காலிக ஊழியர்களையும் சேர்த்து விபத்து உதவித் திட்டமொன்றை நடத்தலாயிற்று.

தற்காலிக ஊழியர் என்ற சொல்லிலேதான் சிக்கல் முழுதும் அடங்கியிருக்கிறது. நம் நாட்டில் ரேஞ்சர் எனில் ஒரு சரகத்தின் அதிகாரி என்றே பொருள். கோயம்புத்தூரில் 1912 இல் தொடங்கப்பட்ட சென்னை வனக் கல்லூரியில் பயின்று வெளிவந்தவர்களை மக்கள் அப்பெயராலேயே மரியாதையுடன் அழைத்தனர். (அக்கல்லூரியில் ஒரே தொகுதியில் பயின்றோர், பிற்காலத்தில் வெவ்வேறு பகுதிகளில் பணியாற்றியபோதும், கடிதம் மூலம் ஒருவருக்கொருவர் யோசனை கேட்டிருப்பர் என்று எண்ண இடமுண்டு.) சர்வதேச சம்மேளனமோ காட்டையும் பண்பாட்டுச் சின்னங்களையும் களத்தில் நின்று காக்கும் எவரையும் ரேஞ்சர் என்றே கொள்கிறது. அவ்விளக்கப்படி வனவரும் ரேஞ்சர், கார்டும் ரேஞ்சர், தினக்கூலி பெற்று வேட்டைத் தடுப்பு முகாமில் சமைத்துண்டு இரவெல்லாம் கண்விழிக்கும் வாட்சரும் ரேஞ்சரே. இவ்வாட்சர்களிற் பலர் காட்டிலேயே பிறந்து வளர்ந்த பழங்குடியினர். கால் தடத்தைக் கண்டு யானை சென்று எவ்வளவு நேரமாயிற்று என்று கூறவல்லவர்கள். முன்னே நடப்பவர்கள் இவர்களே. முதலில் அடிபடுவோரும் இவர்களே. உத்தியோகப் பதிவேட்டில் இடம் பெறாத ஒருவர், இழப்பீட்டுக் கணக்கிலும் எளிதில் விடுபட்டுப் போகிறார். சர்வதேசக் கூட்டுறவு நமக்குத் தரக்கூடிய பூட்ஸ், கூடாரம் ஆகியவற்றினும் இந்த விரிந்த விளக்கமே பெரிய உதவி எனலாம்.

எல்லை கடந்த உதவிக்கு வெளிநாடு வரை செல்ல வேண்டுவதுமில்லை. பண்டிப்பூர், நாகரஹொளெ, முதுமலை, வயநாடு ஆகிய காடுகள் மூன்று மாநிலங்களுக்கு உரியவை; யானைக்கோ அவை ஒரே காடு. 2023 நவம்பரில் ஹாசன் மாவட்டத்தின் பேலூர் பகுதியில் பிடிக்கப்பட்டு, கழுத்தில் ரேடியோ பட்டை அணிவித்து விடப்பட்ட மக்னா யானையொன்று, 2024 பிப்ரவரி 10 ஆம் தேதி வயநாட்டின் மானந்தவாடியில் ஒருவரைக் கொன்றது. பட்டையின் தகவல் உரிய காலத்தில் அண்டை மாநிலத்தை எட்டியதா என்பது குறித்து அப்போது விவாதம் எழுந்தது.

இதன் நுட்பத்தைக் களப்பணியாளர் அறிந்திருத்தல் நலம். ரேடியோ பட்டை குறிப்பிட்ட ஓர் அலைவரிசையில் துடிப்புகளை ஒலிபரப்புகிறது. ஏற்பியை அதே அலைவரிசைக்குத் திருப்பி, ஆண்டெனாவைச் சுற்றிப் பார்த்தால்தான் யானை இருக்கும் திசை புலப்படும். அலைவரிசை எண் தெரியாதவன் கையில் எவ்வளவு விலையுயர்ந்த ஏற்பி இருந்தும் அது ஊமையே. செயற்கைக் கோள் வழியாக இயங்கும் பட்டைகள் சில மணிக்கொருமுறை இருப்பிடத்தை அனுப்புகின்றன. அதனைக் காண்பதற்கு உரிய அனுமதி எல்லைக்கு அப்பாலுள்ள சரகத்திற்கும் அளிக்கப்பட்டிருக்க வேண்டும். ஆக, ஒரு சரகத்திலிருந்து அடுத்த சரகத்திற்குச் செல்லும் ஒரு சிறு எண், ஒரு மனிதனின் உயிருக்குச் சமமாகிவிடுகிறது.

ஒரு மாதம் கழித்து, 2024 மார்ச் 10 ஆம் தேதி, கர்நாடகம், கேரளம், தமிழ்நாடு ஆகிய மூன்று மாநிலங்களும் பண்டிப்பூரில் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. மனிதர்-விலங்கு மோதல் மிகுந்த இடங்களைக் கண்டறிதல், இலாகாக்கள் கலந்து செயலாற்றுதல், அறிவையும் சாதனங்களையும் பகிர்ந்துகொள்ளுதல், ஊழியர்களின் திறனை வளர்த்தல் ஆகியன அதன் நோக்கங்கள். உடன்பாட்டில் கையெழுத்திடுவோர் தலைநகரங்களில் உள்ளனர். அதனை நடத்திக் காட்ட வேண்டியவர்களோ, கையில் வாக்கி-டாக்கியுடன் எல்லைக்கல்லின் இருபுறமும் நிற்பவர்கள்.

பகிர்வு எவ்வாறு நடைபெறும் என்பதற்குப் பெங்களூருவே ஓர் எடுத்துக்காட்டைக் கண்டது. 2025 மே 21 ஆம் தேதி விதான சௌதாவின் முன்னே, ரஞ்சன், கிருஷ்ணா, அபிமன்யு, தேவா என்னும் நான்கு கும்கி யானைகளைக் கர்நாடகம் ஆந்திரப் பிரதேசத்திற்கு ஒப்படைத்தது. முதலமைச்சரும் அண்டை மாநிலத்தின் துணை முதலமைச்சரும் பங்கு கொண்ட அவ்விழாவின் படங்களை அனைவரும் கண்டிருப்பர். அதற்கு முன்னர் நிகழ்ந்ததை அறிந்தோர் குறைவு. ஆந்திரத்தின் பாகன்களும் காவடிகளும் கர்நாடக முகாம்களில் தங்கிப் பயிற்சி பெற்றனர். பாகன் மாறினால் யானை உண்ணாது முரண்டு பிடிப்பதுண்டு. ஆகையால் புதியவர் அதனைக் குளிப்பாட்டி, உணவூட்டி, அதன் குணமறிந்து பழக வேண்டியிருந்தது. பழைய பாகன்கள் தாம் பல ஆண்டுகள் வளர்த்த யானையைப் பிறர் கையில் கொடுக்கவே அவர்களுக்குக் கற்பித்தனர்.

சித்தூர் மாவட்டத்தில் பலமநேருக்கு அருகே முசலிமடுகு என்னுமிடத்தில் ஆந்திர அரசு அமைத்துள்ள முகாமில் கும்கிகளுக்கு வேலை உண்டு. அதனையொட்டிய கௌண்டின்யா சரணாலயம் தமிழ்நாட்டு எல்லையையும் கர்நாடக எல்லையையும் தொடுகிறது. அங்கே பயிரை மேய வந்து துரத்தப்படும் காட்டு யானை, பொழுது விடிவதற்குள் குடியாத்தம் பக்கமோ கோலார் பக்கமோ இறங்கிவிடக்கூடும்; அவ்விரவே அவ்விரு சரகங்களுக்கும் செய்தி சென்று சேர வேண்டும்.