அருகிருந்து தொண்டு செய்வோர்

மருத்துவம் என்றதும் நம் நினைவுக்கு வருபவர் இருவர். ஒருவர் நோயாளி, மற்றவர் மருத்துவர். வள்ளுவரோ அவ்விருவரோடு நிறுத்தவில்லை. ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில், நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றனோடு, நோயாளியின் அருகிலிருந்து பணிபுரிபவரையும் சேர்த்து நான்காக எண்ணுகிறார். அந்த நான்காமவருக்கு அவர் இட்ட பெயர் உழைச்செல்வான். ‘உழை’ என்றால் பக்கம். பக்கத்தில் இருந்து உதவுபவர் என்பது பொருள்.

அன்பு மாணவர்களே, இன்று அந்த நான்காமவரைப் பற்றியே பேச விரும்புகிறேன். எல்லா நோய்க்கும் அவர் வேண்டும். குடிநோய்க்கும் பிற போதைநோய்களுக்கும் மிகுதியாக வேண்டும். அத்தகைய துணைவருக்கு நல்ல மனம் மட்டும் போதுமா? அவருக்குப் பயிற்சி எதற்கு? சான்றிதழ் எதற்கு? அவருக்கு மேலே ஒருவர் இருந்து கண்காணிப்பானேன்?

மருத்துவ மாணவனாக இருந்தபோது நான் கண்ட நிகழ்ச்சி ஒன்றைச் சொல்கிறேன். கால் முறிந்த தச்சர் ஒருவர் எங்கள் வார்டில் சேர்க்கப்பட்டிருந்தார். முதல் இரண்டு நாளும் அமைதியாகக் கிடந்தார். மூன்றாம் நாள் இரவு அவருடைய கைகள் நடுங்கின; உடல் வியர்வையில் நனைந்தது; போர்வையின்மேல் இல்லாத பூச்சிகளைப் பிடித்துப் பிடித்து எறிந்தார்; அங்கே இல்லாதவர்களோடு உரக்கப் பேசினார். இரவுப் பணியில் இருந்த உதவியாளர், உறவினர் எவரோ மறைவாகச் சாராயம் கொண்டுவந்து கொடுத்துவிட்டனர் என்று எண்ணினார். தச்சரை அதட்டினார், பிறகு அவர் கைகளைக் கட்டிலோடு துணியால் கட்டினார். பக்கத்தில் நின்ற எனக்கும் வேறொன்றும் தோன்றவில்லை.

சற்று நேரத்தில் சுற்றி வந்த தலைமைச் செவிலியர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “இவர் கடைசியாகக் குடித்தது எப்போது?” கால் முறிந்த அன்று காலையில் என்று மனைவி அழுதுகொண்டே சொன்னார். “அப்படியானால் இது குடித்ததால் வந்ததன்று, குடியை நிறுத்தியதால் வந்தது” என்று சொல்லிவிட்டு, செவிலியர் உடனே மருத்துவரை அழைத்தார். தச்சர் பிழைத்தார்.

அந்த உதவியாளர் கொடியவர் அல்லர். அன்று மாலைதான் தச்சருக்குத் தம் கையாலேயே கஞ்சி ஊட்டியவர். அவரிடம் இல்லாதவை இரண்டு. ஒன்று, அந்த நோயைப் பற்றிய அறிவு. மற்றொன்று, ஐயம் எழுந்தால் உடனே சென்று கேட்பதற்கு ஓர் ஆள். அறிவுக்கு அடையாளமாக அமைவது சான்றிதழ். கேட்பதற்கு ஆள் இருப்பதே மேற்பார்வை. நான் சொல்ல வந்தது முழுவதும் இவ்விரண்டினுள் அடங்கும்.

அன்று தச்சருக்கு நேர்ந்தது என்ன? பல ஆண்டு இடைவிடாமல் குடிப்பவருடைய மூளை, மதுவின் அடக்கும் ஆற்றலுக்கு எதிராகத் தன்னைத் தானே முடுக்கிக்கொண்டு இயங்கப் பழகிவிடுகிறது. மது திடீரென்று நின்றால், அடக்கும் ஆற்றல் போய்விடும். முடுக்கம் மட்டும் எஞ்சும். நடுக்கம், வலிப்பு, மாயத்தோற்றம் என்று நரம்புகள் தறிகெட்டு ஓடும். இதன் கடுமையான நிலையை மருத்துவர்கள் ‘டெலிரியம் டிரெமன்ஸ்’ என்பர். பெரும்பாலும் கடைசிக் குடிக்குப்பின் 48 மணியிலிருந்து 96 மணிக்குள் அது தலைகாட்டும். கவனியாது விட்டால் உயிரையும் கொள்ளும்.

அபினி வகையைச் சேர்ந்த ஹெராயின் போன்றவற்றில் ஆபத்து வேறு வழியில் வருகிறது. சில வாரங்கள் அதனை விட்டிருந்தவருடைய உடல், முன்பு தாங்கிய அளவைத் தாங்கும் திறனை இழந்துவிடுகிறது. அவர் பழைய நினைவில் பழைய அளவையே எடுத்துக்கொண்டால் மூச்சு நின்றுபோகலாம். ஆதலால், மருத்துவம் முடிந்து வீடு திரும்பும் நாளே அவருக்கு அச்சம் மிகுந்த நாளாகவும் ஆகக்கூடும். இதனை அறியாத துணைவர், “நீங்கள் குணமடைந்துவிட்டீர்கள்” என்று சிரித்த முகத்தோடு வழியனுப்பிவிடுவார். அறிந்தவரோ, நோயாளியையும் குடும்பத்தாரையும் அமர்த்தி, அந்த ஆபத்தை எடுத்துச் சொல்லிய பிறகே அனுப்புவார்.

இத்துணைவர் என்னும் தொழில் தோன்றிய வரலாறு சுவையானது. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரில், 1935-ஆம் ஆண்டு மே மாதம், குடியால் வாழ்விழந்திருந்த பில் வில்சன் என்னும் பங்கு வணிகர், அதே நோயால் வருந்திய பாப் ஸ்மித் என்னும் அறுவை மருத்துவரைச் சந்தித்தார். ஒரு குடிநோயாளியின் துயரை மற்றொரு குடிநோயாளியே முழுதும் உணர்வான் என்னும் உண்மை அச்சந்திப்பில் விளங்கிற்று. ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ என்னும் இயக்கம் அதிலிருந்து பிறந்தது.

அவ்வுண்மையை மருத்துவமனைக்குள் கொண்டுசென்றது மின்னசோட்டா மாநிலம். அங்கே வில்மார் அரசு மருத்துவமனையில் நெல்சன் பிராட்லி என்னும் மருத்துவரும் டேனியல் ஆண்டர்சன் என்னும் உளவியலறிஞரும், குடியிலிருந்து மீண்டவர்களையே பணியாளர்களாகச் சேர்க்க விரும்பினர். 1954-இல் குடிநோய் ஆலோசகர் என்னும் பதவி அம்மாநில அரசுப் பணியில் ஏற்படுத்தப்பட்டது. நேற்றுவரை நோயாளியாகப் படுத்திருந்தவர், இன்று மருத்துவரோடும் செவிலியரோடும் ஒரே மேசையில் அமர்ந்து நோயாளியின் நிலையை ஆராய்ந்தார். அவருடைய பட்டறிவு மதிக்கப்பட்டது. அதே வேளையில் அவர் தனித்தும் விடப்படவில்லை.

தனித்து விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் வரலாற்றில் சான்று உண்டு. 1958-இல் கலிபோர்னியாவில் சார்லஸ் டீடரிக் என்பவர் ‘சினானன்’ என்னும் இல்லத்தைத் தொடங்கினார். அவரும் குடியிலிருந்து மீண்டவரே. ஹெராயினுக்கு அடிமையான பலர் அங்கே வாழ்வு பெற்றனர், நாடே புகழ்ந்தது. ஆனால் அவரைக் கேள்வி கேட்பார் எவரும் இல்லை. உள்ளே இருந்தவர்கள் தலையை மழிக்குமாறு பணிக்கப்பட்டனர். கணவனும் மனைவியும் பிரிக்கப்பட்டனர். விலகிச் சென்றவர்கள் தாக்கப்பட்டனர். 1978-இல் அவ்வில்லத்துக்கு எதிராக வழக்காடிய பால் மொராண்ட்ஸ் என்னும் வழக்கறிஞரின் அஞ்சற்பெட்டிக்குள் நச்சுப் பாம்பொன்று வைக்கப்பட்டது. கடியுண்ட அவர் அரிதில் உயிர் பிழைத்தார். கொலைச் சதிக் குற்றச்சாட்டை 1980-இல் டீடரிக் எதிர்க்காமல் ஏற்றார். 1991-இல் சினானன் மறைந்தது. தொண்டாகத் தொடங்கியதுகூட, கண்காணிப்பு இல்லையேல் கொடுங்கோலாக மாறும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இனி, இன்றைய விதிமுறை ஒன்றைப் பார்ப்போம். பில் வில்சன் பாப் ஸ்மித்தைக் கண்ட அதே ஒஹையோவில், போதைநோய்ப் பணியாளர்க்கெனத் தனி வாரியம் ஒன்று உண்டு. அது வழங்கும் சான்றுகளில் முதற்படியில் நிற்பது ஆலோசகரின் துணைவர்க்கு உரியது. அதனைப் பெற 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். இந்நோயைப் பற்றி 40 மணி நேரமாவது பயின்றிருக்க வேண்டும். முதலில் கிடைக்கும் சான்று குறுகிய காலத்துக்கே செல்லும். மேலும் பயின்றால்தான் நிலைக்கும்.

இச்சான்று பெற்றவர் நோயாளியோடு பேசலாம், குழுவை நடத்தலாம், மருத்துவத் திட்டம் வகுப்பதில் பங்குகொள்ளலாம், நெருக்கடியில் துணைநிற்கலாம். ஆனால் நோய் இன்னதென்று தீர்ப்புக் கூற இயலாது. தனியே தொழில் நடத்தவும் இயலாது. உரிமம் பெற்ற ஆலோசகர், மருத்துவர், உளவியலறிஞர் போன்றோருள் ஒருவருடைய மேற்பார்வையிலேயே எதனையும் செய்ய வேண்டும்.

மேற்பார்வை என்றால் அலுவலகத்தில் வருகைப் பதிவேட்டைப் புரட்டுவது போன்றது என்று எண்ணிவிடாதீர்கள். மேற்பார்வையாளர் துணைவருடைய குறிப்புகளைப் படிக்கிறார். சில வேளைகளில் உரையாடலின்போது உடன் அமர்கிறார். பிறகு இருவரும் தனியே பேசுகிறார்கள். “அவர் அழுதபோது நீங்கள் ஏன் பேச்சை மாற்றினீர்கள்?” “கடன் கேட்டபோது ஏன் கொடுத்தீர்கள்?” இத்தகைய கேள்விகள் எழும். துணைவரும் குடியிலிருந்து மீண்டவராயின், தாம் மீண்ட வழியையே எல்லார்க்கும் உரிய வழியாகக் கருதிவிடுவது இயல்பு. அந்தப் பிழையை அன்போடு சுட்டிக்காட்ட ஒருவர் வேண்டும். ஒவ்வொரு நாளும் பிறர் துயரையே கேட்டுக் கேட்டுத் துணைவரின் உள்ளமும் சோரும்; அவரே மீண்டும் குடிக்கு வழுக்கிவிடக்கூடும். அதனையும் முன்னறிந்து தாங்கிக்கொள்பவர் மேற்பார்வையாளரே. ஆகவே இந்த ஏற்பாடு நோயாளிக்கு வேலியாக அமைவது போலவே துணைவருக்கும் வேலியாக அமைகிறது.

இத்துறையில் ஆலோசகரின் பணிகளைப் பன்னிரண்டாக வகுத்துக் கற்பிப்பது வழக்கம். நோயாளியை ஆராய்ந்து சேர்ப்பதில் தொடங்கும் அப்பட்டியலில் கடைசியாக நிற்பது, பிற வல்லுநரைக் கலந்துகொள்வது. தமக்குத் தெரியாததைப் பிறரிடம் கேட்பதும் ஒரு கடமையாக, கற்றுத் தேற வேண்டிய ஒரு திறமையாக அங்கே எண்ணப்பட்டிருக்கிறது.

நம் நாட்டில் 2017-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட மனநலப் பராமரிப்புச் சட்டம், மதுவாலும் போதைப்பொருளாலும் விளையும் மனநிலைக் கோளாறுகளையும் தன் வரம்புக்குள் சேர்த்துள்ளது. மனநல நிலையங்கள் பதிவு பெற வேண்டும் என்கிறது. நோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதை எவ்வகையிலும் தடுக்கிறது. சென்னையில் 1980-இல் தொடங்கப்பெற்ற டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம், குடிநோயாளிகளுக்கு மருத்துவம் செய்வதோடு, இத்தொண்டில் ஈடுபடுவோர்க்குப் பயிற்சியும் அளித்து வந்திருக்கிறது.

மாணவர்களே, உங்களுள் சிலர் நாளை இத்தொண்டுக்கு வரலாம். உங்கள் குடும்பத்திலோ தெருவிலோ ஒருவரை இத்தகைய இல்லத்தில் சேர்க்கும் நிலை உங்களுள் வேறு சிலருக்கு வரலாம். அப்போது கட்டடத்தின் அழகைப் பார்த்து மயங்காதீர்கள். “இரவில் நோயாளியின் அருகே இருப்பவர் யார்? அவர் என்ன பயின்றிருக்கிறார்? அவருக்கு ஐயம் எழுந்தால் யாரைக் கேட்பார்?” என்று கேளுங்கள். இம்மூன்றுக்கும் தெளிவான விடை கிடைத்தால் அங்கே நம்பிச் சேர்க்கலாம்.

அன்று அந்தச் செவிலியர் கேட்டதும் சிறிய கேள்விதான். ஆனால் அதனைக் கேட்பதற்கு அவர் கற்றிருந்தார். கேட்க வேண்டிய இடத்தில் இருந்தார். அதனால் ஒரு தச்சர் தம் வீட்டுக்கு நடந்து சென்றார்.