லாடம் இல்லாத குதிரை!

பழங்காலக் கிரேக்கர்கள் குதிரைக்கு லாடம் அடிக்கவில்லை.

செனபோன் என்ற கிரேக்கப் படைத்தலைவர் 2,300 ஆண்டுகளுக்கும் முன்பே குதிரை வளர்ப்பு பற்றி நூல் எழுதினார். ஈரத்தரை குளம்பைக் கெடுக்கும் என்றார். நான்கைந்து வண்டி உருண்டைக் கற்களை லாயத்துக்கு வெளியே பரப்பி, குதிரையை அதன் மேல் நிறுத்தச் சொன்னார். குளம்பு உறுதிப்படுமாம்.

குளம்பும் நகம் போன்றதே. மாதத்துக்கு சுமார் 1 சென்டிமீட்டர் வளரும். காட்டுக் குதிரைக்கு நடந்து நடந்தே தேய்ந்துவிடும். கட்டிப்போட்ட குதிரைக்குத் தேயாது. அதனால் சில வாரங்களுக்கு ஒரு முறை சீவிவிட வேண்டும்.

கல் சாலையில் நாள் முழுதும் பாரம் இழுத்தால், வளர்வதைவிட வேகமாகத் தேயும். வலியால் குதிரை நொண்டும். அதற்கு லாடம் தேவை.

லாடம் வேண்டுமா, வேண்டாமா? குதிரையின் நடையே சொல்லிவிடும்!