பழையதுக்கு எத்தனை மார்க்?

சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் குற்றாலத்துப் பக்கம் தோசைமாவு சண்டித்தனம் செய்யும். ராத்திரி கரைத்து வைத்தது விடிந்தும் அசையாமல் கிடக்கும். "ஏட்டி, அடுப்புப் பக்கம் தள்ளி வை" என்று மகளிடம் சொல்கிற அம்மாவுக்கு, மாவைப் பொங்க வைக்கும் பாக்டீரியாவான லுகோனாஸ்டாக்கின் பெயர் தெரியாது. குளிர்ந்தால் மாவு மெத்தனமாகும் என்பது மட்டும் தெரியும்.

தென்காசி பஸ்ஸில் கல்லூரி மாணவிகள் மூன்று பேரிடம் கேட்டேன், புரோபயாடிக் என்றால் என்னம்மா? "யாகுல்ட், சார்!" பதில் ஒரே குரலில் வந்தது. பழையது? "அது ஆச்சி குடிப்பாங்க." சிரித்துக்கொண்டார்கள்.

மூன்று பேரைக் கேட்டால் ஆய்வாகாதுதான். ஆனால் இதே கேள்விகளை அச்சடித்து மாணவர்களிடம் கொடுக்கும் ஆய்வுகள் பல நாடுகளில் நடக்கின்றன. எனக்குச் சண்டை வினாத்தாளோடு. எதெல்லாம் புரோபயாடிக் என்ற கேள்வியில் இட்லிக்கு நேராக ஒருத்தி டிக் அடித்தால் மார்க் உண்டா, இல்லையா?

2001இல் உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் புரோபயாடிக்குக்குச் சொன்ன இலக்கணப்படி, நுண்ணுயிரி உயிரோடு இருக்க வேண்டும், போதுமான அளவில் இருக்க வேண்டும், உடம்புக்கு நன்மை செய்ய வேண்டும். இட்லி முதல் நிபந்தனையிலேயே அவுட். கொப்பரை ஆவியில் எல்லாம் செத்துப்போகும். வீட்டுத் தயிரில் உயிர் உண்டு. எந்த ரகம், எத்தனை என்பது பக்கத்து வீட்டில் வாங்கிய உறைமோரைப் பொறுத்தது! யாகுல்ட் பானம் காட்டுவது அந்தக் கணக்கைத்தான்: 1930இல் ஜப்பானில் மினோரு ஷிரோட்டா பிரித்தெடுத்த ரகம், 65 மில்லி பாட்டிலில் 650 கோடி. எந்த ரகம், காலாவதி நாள்வரை எத்தனை உயிரோடு இருக்கும் என்பதை லேபிளில் போடச் சொல்கின்றன ஐ.சி.எம்.ஆரின் 2011 நெறிமுறைகள்.

பழையதுதான் சிக்கலான கேஸ். ராத்திரி ஊறும் சோற்றில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. சுட வைக்காமல் குடிப்பதால் உயிரோடு வயிற்றுக்குப் போகின்றன. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் குடல் நோயாளிகளுக்கு இது உதவுமா என்று ஆராயத் தொடங்கினார்கள். ஆனால் ஒவ்வொரு வீட்டுப் பானையும் ஒரு தினுசு. அதனால் புரோபயாடிக் பட்டம் தரத் தயங்குகிறேன், வாட்ஸ்அப் தாராளமாகத் தந்துவிட்டாலும்.

இதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் அவர்கள் இறங்கும் இடம் வந்துவிட்டது. படியில் நின்றபடி ஒருத்தி கேட்டாள்: "அப்ப மோர்மிளகாய், சார்?"

வெயிலில் காய்ந்து, எண்ணெயில் பொரிந்தபின் அதில் ஒன்றும் பிழைத்திருக்காது, தாயி. பழையதுக்குத் தொட்டுக்கொள்ளலாம்.