சரக்கு வண்டியின் என்ஜின் ஆயிலும் கிளட்சும்: ஒரகடம் வட்டார வணிகர்கள் கவனத்திற்கு

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் சந்திக்கும் ஒரகடம் கூட்டு ரோட்டில் விடியற்காலை ஐந்து மணிக்கு நின்று பார்த்தால், நமது வியாபாரம் எதன் மேல் ஓடுகிறது என்பது தெரியும். கோயம்பேட்டிலிருந்து பருப்பும் எண்ணெயும் ஏற்றி வரும் குட்டி யானைகள், அரிசி மூட்டையுடன் பிக்கப் வண்டிகள், லோடு ஆட்டோக்கள், பின்னால் பெரிய பெட்டி கட்டிய டி.வி.எஸ். எக்ஸெல்கள். ரெனோ–நிஸ்ஸான் கார் ஆலை 2010-இலும், பாரத் பென்ஸ் லாரிகளைத் தயாரிக்கும் டெய்ம்லர் ஆலை 2012-இலும், ராயல் என்ஃபீல்டு ஆலை 2013-இலும் இங்கு வந்தன. ஆலைகளோடு கேன்டீன்களும் தொழிலாளர் விடுதிகளும் வந்தன. அவற்றுக்கு ஆட்டா மாவும் கடுகெண்ணெயும் கொடுக்கும் வியாபாரம் நம்மிடம் வந்தது.

ஊரெல்லாம் வண்டி செய்யும் இடத்தில் இருந்துகொண்டு, நம் வண்டிக்கு என்ன ஆயில் ஊற்றுவது என்று நம்மில் பலர் கேட்டறிவதில்லை. கடைக்காரர் எடுத்துக் கொடுத்த டின்னை வாங்கி ஊற்றுகிறோம். இதனால் நேரும் நஷ்டம் சிறிதல்ல.

சென்ற மழைக்காலத்தில் நமது உறுப்பினர் ஒருவருக்கு நேர்ந்ததைக் கூறுகிறோம். எழிச்சூர் பக்கம் ஒரு தொழிலாளர் விடுதிக்கு மாதச் சரக்கு கொடுத்து வந்தவர். தார் ரோட்டை விட்டு இறங்கினால் அரைக் கிலோமீட்டர் மண் பாதை. டிப்பர் லாரிகள் போய்ப் போய்க் குழி விழுந்த பாதை. சில வாரங்களாகவே வண்டியில் இழுவை குறைந்திருக்கிறது. 'ஆயில் பழசாகிவிட்டது, கெட்டியான ஆயில் ஊற்றினால் சரியாகும்' என்று யாரோ சொல்ல, அப்படியே செய்தார். கோளாறு இருந்தது கிளட்ச்சில். மண் பாதையில் முழு லோடுடன் சக்கரம் புதைந்தபோது டிரைவர் கிளட்சைப் பாதி மிதித்தபடியே ஆக்ஸிலேட்டரை அழுத்த, பத்து நிமிடத்தில் லைனிங் கருகிப் புகை வந்துவிட்டது. மாவு மூட்டைகளில் பாதி நனைந்தது. வண்டி மூன்று நாள் ஒர்க்‌ஷாப்பில் நின்றது. அதற்குள் விடுதிக்காரர் வேறு கடையில் சரக்கு எடுக்கத் தொடங்கிவிட்டார். ரிப்பேர் செலவைவிட அந்த வாடிக்கை போனதுதான் அவருக்குப் பெரிய அடி.

ஆகவே முதலில் அறிய வேண்டியது, நமது வண்டியின் கிளட்ச் உலர்ந்த வகையா, ஆயிலில் நனையும் வகையா என்பது. குட்டி யானை, தோஸ்த், பொலேரோ பிக்கப் போன்ற நான்கு சக்கர வண்டிகளில் இருப்பது உலர் கிளட்ச். அதில் என்ஜின் ஆயில் படவே கூடாது. எந்த ஆயிலை ஊற்றினாலும் கிளட்ச்சின் பிடிப்பு கூடப் போவதும் இல்லை. ஃப்ளைவீல் பக்கத்து ஆயில் சீல் கசிந்தால்தான் ஆயில் லைனிங்கை அடையும். அப்படிப் பட்ட லைனிங்கைப் பெட்ரோலில் கழுவிப் போடுவது வீண். சூடேறியதும் உள்ளே ஊறிய ஆயில் மறுபடி வெளியே வரும். மேற்படி உறுப்பினரின் வண்டியில் நடந்தது இதுதான். கிளட்சைக் கழற்றியபோது சீல் கசிவு தெரிந்தது. வண்டி நிறுத்தும் இடத்தில் என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக்கு நேர் கீழே சொட்டுக் கறை இருக்கிறதா என்று வாரம் ஒரு முறை பார்த்திருந்தால், முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

மோட்டார் சைக்கிள்களிலும் மூன்று சக்கர வண்டிகள் சிலவற்றிலும் நிலைமை வேறு. அங்கே கிளட்ச் தட்டுகள் ஆயிலிலேயே மூழ்கி ஓடுகின்றன. திருவொற்றியூரில் செய்த பழைய இரும்பு என்ஜின் புல்லட் வைத்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும்: என்ஜினுக்கு ஒரு ஆயில், கிளட்ச் பெட்டிக்கு ஒன்று, கியர்பாக்ஸுக்கு ஒன்று என்று தனித்தனியாக ஊற்றுவோம். இப்போது ஒரகடத்தில் தயாராகி வரும் புல்லட்டில் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான். என்ஜினுக்கு வழுக்க வேண்டும், கிளட்ச்சுக்கு வழுக்கக் கூடாது. இந்த இரண்டு வேலையையும் செய்ய வேண்டியிருப்பதால் கார் ஆயிலை அதில் ஊற்றுவது ஆபத்து. எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காகச் சில கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் ரசாயனம் சேர்க்கிறார்கள். அது தட்டுகளில் படிந்தால் வண்டி சத்தம்தான் போடும், நகராது. இதற்காகவே ஜப்பானியர் 1998-இல் ஜாசோ என்ற தரக் குறியீட்டை ஏற்படுத்தினர். டப்பாவில் ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்று இருந்தால் நனையும் கிளட்ச்சுக்கு உகந்தது. எம்.பி. என்றிருந்தால் அதற்கு ஆகாது. கிளட்ச் ஆயிலில் நனையாத கியர் இல்லாத ஸ்கூட்டர்களுக்கானது. கிளட்ச் லீவர் இல்லையே என்று எக்ஸெல் 100-க்கு எம்.பி. வாங்கிவிட வேண்டாம். அதற்குள்ளும் தானாகப் பிடிக்கும் கிளட்ச் ஒன்று ஆயிலில்தான் ஓடுகிறது. கையேட்டில் உள்ளதையே ஊற்றவும்.

இனி டின்னின் மேல் அச்சடித்திருக்கும் எண்களுக்கு வருவோம். 15டபிள்யூ-40 என்பதில் முதல் எண் குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதையும், இரண்டாவது எண் நூறு டிகிரி சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதையும் குறிக்கும். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கில எழுத்து. நமது ஊரில் மார்கழியிலும் பெரிய குளிர் கிடையாது. எனவே நமக்கு அதிகம் கவனிக்க வேண்டியது இரண்டாவது எண். அதற்காகக் கெட்டியான ஆயில் எப்போதும் நல்லது என்று எண்ணக் கூடாது. புதிய என்ஜின்களில் ஆயில் செல்லும் வழிகள் மிகக் குறுகலானவை. கம்பெனி சொன்னதைவிடக் கெட்டியானதை ஊற்றினால், காலையில் வண்டியைக் கிளப்பிய முதல் சில விநாடிகளில் டர்போவுக்கும் மேல் பாகங்களுக்கும் ஆயில் போய்ச் சேரத் தாமதமாகும். தேய்மானம் அப்போதுதான் அதிகம்.

எண்ணுக்கு அடுத்து ஏ.பி.ஐ. எழுத்துக்கள். 'எஸ்' என்று தொடங்கினால் பெட்ரோல் என்ஜின், 'சி' என்று தொடங்கினால் டீசல். சி.எச்.-4, சி.ஐ.-4, சி.கே.-4 என்று எழுத்து முன்னேற முன்னேறத் தரம் புதியது. புதியது பழைய வண்டிக்குப் பெரும்பாலும் ஒத்துவரும். பழையது புதிய வண்டிக்கு ஒத்துவராது என்பதை மறக்கக் கூடாது. 2020 ஏப்ரல் 1 முதல் வந்த பி.எஸ்.-6 டீசல் வண்டிகள் பலவற்றில் புகைக் கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று உள்ளது; டி.பி.எஃப். என்பார்கள். கரி அதிலேயே எரிந்துவிடும். ஆனால் ஆயிலில் உள்ள உப்புகள் எரிந்து விடும் சாம்பல் எரியாது, அடைத்துக்கொள்ளும். ஆகவே இவ்வண்டிகளுக்குச் சாம்பல் குறைந்த ஆயில் என்று கையேட்டில் தனியாகக் குறிப்பிட்டிருப்பார்கள். விலை கூடுதல்தான். வடிகட்டியை மாற்றும் விலையைக் கேட்டால் இது ஒன்றும் பெரிதாகத் தோன்றாது.

இந்த வடிகட்டி விஷயத்தில் நம் போன்ற வியாபாரிகளுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. கரி எரிய வேண்டுமானால் வண்டி சிறிது நேரம் நிற்காமல் ஒரே வேகத்தில் ஓட வேண்டும். நாமோ படப்பையில் ஒரு கடை, மாத்தூரில் ஒரு கடை, வல்லம் சிப்காட்டில் ஒரு கேன்டீன் என்று நின்று நின்று போகிறோம். எரிக்கும் முயற்சி பாதியில் நின்றால், அதற்காகக் கூடுதலாகத் தெளித்த டீசலில் ஒரு பகுதி ஆயிலில் கலந்துவிடும். ஆயில் குச்சியில் அளவு ஏறியிருந்தால் மகிழ வேண்டாம். ஆயில் நீர்த்துப் போயிருக்கிறது. வாரம் ஒரு முறை கோயம்பேடு சரக்கு எடுக்கும் வண்டியாக அதையே அனுப்பினால் ஓரளவு சரியாகும். இத்தகைய ஓட்டத்தில் கிலோமீட்டர் கணக்கு நிறையும் வரை காத்திராமல், கையேட்டில் உள்ள மாதக் கணக்குப்படி ஆயிலை மாற்றுவது நல்லது. ஃபில்டரையும் சேர்த்தே மாற்ற வேண்டும். டீசல் ஆயில் கறுத்திருப்பதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. கரியைத் தன்னுள் தாங்குவது அதன் வேலை. பாலில் டிகாஷன் விட்டது போல வெளுத்திருந்தால்தான் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஏரித் தண்ணீர் ரோட்டுக்கு வரும் நாட்களில் ஆழமான நீரில் ஓடிவந்த வண்டியின் என்ஜின், கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில் மூன்றின் ஆயிலையும் உடனே பார்க்க வேண்டும்.

மீண்டும் கிளட்ச்சுக்கு வருகிறோம். அதைக் கெடுப்பது பெரும்பாலும் டிரைவரின் இடது கால். ஓட்டும்போது பெடலில் காலை வைத்திருப்பதும், குடோன் மேட்டில் பிரேக் போடாமல் அரைக் கிளட்ச்சில் வண்டியை நிறுத்துவதும் லைனிங்கைத் தின்றுவிடும். சேற்றில் சிக்கினால் முதல் கியரில் கிளட்சை முழுதாக விட்டு மெல்ல இழுக்க வேண்டும். இரண்டு முறை முயன்றும் வராவிட்டால் லோடை இறக்கிவிடுவதே மலிவு. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி வைத்திருப்பவர்கள் மண் பாதையில் இறங்குமுன் 'லோ' கியரைப் போட்டுவிட வேண்டும். இழுவை சுமார் இரண்டரை மடங்காவதால் கிளட்சைத் தேய்க்க வேண்டிய அவசியமே வராது.

தேய்மானத்தைச் சோதிக்க எளிய வழி: சமதரையில் ஹேண்ட் பிரேக் போட்டு, மூன்றாம் கியரில் மெல்லக் கிளட்சை விடுங்கள். என்ஜின் உடனே நின்றுவிட்டால் கிளட்ச் நன்றாக உள்ளது. ஓடிக்கொண்டே இருந்தால் வழுக்குகிறது. இதை அடிக்கடி செய்து பார்க்க வேண்டாம், சோதனையே சேதமாகிவிடும். கேபிள் உள்ள வண்டிகளில் பெடலுக்குக் கையேட்டில் சொன்ன ஆட்டம் இருக்க வேண்டும். ஆட்டமே இல்லாவிட்டால் கிளட்ச் எப்போதும் சற்று விலகியே நிற்கும். ஹைட்ராலிக் வகையில் பிரேக் ஆயில்தான் ஊற்ற வேண்டும். குறைகிறதே என்று என்ஜின் ஆயிலை விட்டால் ரப்பர்கள் ஊதிக் கெட்டுவிடும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுப்பதால் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுவது வழக்கம்.

கிளட்ச் பிளேட் மாற்றும்போது பிரஷர் பிளேட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் சேர்த்து மாற்றுங்கள், கசிவு இருந்தால் ஆயில் சீலையும். செலவில் பெரும் பங்கு கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலிதான். ஒரு பேரிங்கை மிச்சம் பிடித்து அந்தக் கூலியை இருமுறை கொடுப்பானேன்?

பழைய டின்களில் கழிவு ஆயிலை வடிகட்டி அடைத்து விற்பவர்கள் எங்கும் உண்டு. எனவே காலி டின்னைத் துளையிட்ட பிறகே பழைய சாமான்காரரிடம் போடுங்கள். ஆயிலைப் பில்லுடன் வாங்குங்கள். பில்லுக்கு இன்னொரு பயனும் உண்டு. லூப்ரிகன்ட் ஆயிலுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். முறையான பதிவில் உள்ள வணிகர்கள் வியாபாரத்துக்கு ஓட்டும் சரக்கு வண்டியின் ஆயிலுக்கும் ரிப்பேருக்கும் கட்டிய வரியை உள்ளீட்டு வரியாக வரவு வைக்கலாம். காம்போசிஷன் முறையில் இருப்பவர்களுக்கு இது கிடையாது. பில்லில் கடையின் ஜி.எஸ்.டி. எண்ணைப் போடச் சொல்லி வாங்கி, வண்டி எண்ணையும் ஓடிய கிலோமீட்டரையும் அதன் பின்புறம் எழுதி வைத்தால், ஆடிட்டருக்கும் ஆகும், அடுத்த ஆயில் மாற்றும் தேதிக்கும் ஆகும்.