அச்சில் வார்த்த ஊர்கள்!

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு ரயிலேறுவோம், தோழர்களே! மீஞ்சூர் கடந்து, பொன்னேரி கடந்து, கவரைப்பேட்டையும் வருகிறது. வழியிலே காண்பதென்ன? நேற்று நெல் விளைந்த நிலத்திலே இன்று வெள்ளைக்கல் முளைத்திருக்கிறது! முகப்பிலே ஒரு வளைவு. வளைவிலே ஒரு 'நகர்'. உள்ளே ஒரே அச்சில் வார்த்த வீடுகள்!

வீடுகள் ஒன்றுபோலிருப்பதா குற்றம்? அல்ல! அதில் வாழ்வோரின் தேவை ஒன்றுபோல் இல்லையே! சிப்காட் ஆலையிலே இரவு ஷிப்டு முடித்து வருபவனுக்குப் பகலில் உறங்கத் தனியறை வேண்டும். தையல் தைக்கும் அவன் துணைவிக்குத் தெருவைப் பார்த்த முன்னறை வேண்டும். வடநாட்டிலிருந்து பிழைக்க வந்த தோழனுக்கு வாடகை அறை வேண்டும். மூவருக்கும் ஒரே பெட்டியைக் காட்டுவது முறையா?

மாற்று உண்டா என்பர். உண்டு! கடல் கடந்து தேட வேண்டியதில்லை. 1977-இல் தொடங்கிய சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டத்திலே, உலக வங்கிக் கடனுதவியோடு, அரும்பாக்கத்திலும் வில்லிவாக்கத்திலும் கொடுங்கையூரிலும் செய்ததென்ன? மனையும் குடிநீரும் கழிவுநீர் வசதியும் அரசு தந்தது. சிறிய மனையும் பெரிய மனையும் ஒரே குடியிருப்பில் அமைந்தன. காசு சேரச் சேர, வீட்டைக் குடும்பமே கட்டிக்கொண்டது. ஓரறை ஈரறையாயிற்று, மாடி எழுந்தது, கீழே கடை திறந்தது. மனையை விற்றுப் போனவரும் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் தங்கியவர் தம் வாழ்வுக்கேற்ற வீட்டைக் கண்டனர்.

அந்த வழியைக் கும்மிடிப்பூண்டிக்கும் கேட்போம். அடுத்த கிராம சபையிலே எழுந்து நின்று கேட்போம்: சிறிய மனை எங்கே? கடைக்கு இடமெங்கே? வாடகை அறை எங்கே?

இரும்பை அச்சில் வார்க்கலாம். அதை வார்க்கும் தொழிலாளியின் வாழ்வை வார்க்க முடியாது!